சரித்திர நூல்களை வாசிக்கும் முறை

கதை வாசிக்கத் தெரிந்தவர்க்குச் சரித்திரமும் வாசிக்கத் தெரியும் என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். தம்மத்தைத் தழுவிய குடும்பங்களில் வாசிக்கும் பழக்கம் வளர்ந்து வருவது பெரிதும் மகிழத்தக்கதே. ஆயினும், சரித்திர நூலைக் கையிலெடுப்போருள் பெரும்பாலார் அதனைப் புராணம் கேட்பதுபோலவே கேட்கின்றனர். முன்னாளில் ஒரு சாரார் கூறிய கதைகளை நம்பியிருந்தோம். இனி நம் சாரார் கூறுவனவற்றை நம்புவோம் என்ற அளவில் நின்றுவிடுகின்றனர். கேசபுத்த நகரத்துக் காலாமர்களுக்குப் பகவன் உபதேசித்தருளிய முறை இதுவன்று. ஆதலின் இப்பாடத்தில், நம் வாழ்வோடு தொடர்புடைய சில பழைய ஏடுகளை எடுத்துக்கொண்டு, அவற்றால் நாம் எதனை, எவ்வளவு அறியக்கூடும் என்று ஆராய்வோம்.

பாஹியான் என்னும் சீன தேசத்துப் பிக்ஷு கி.பி. 399-இல் சாங்கான் நகரத்தை விட்டுப் புறப்பட்டார். விநய பிடகத்தின் திருத்தமான பிரதிகளைத் தேடியே அவர் பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்து வந்தார். பாடலிபுத்திரத்தில் மூன்று ஆண்டுகள் தங்கிச் சமஸ்கிருதம் பயின்று ஏடுகளைப் பிரதி செய்துகொண்டார். அரசர்களைப்பற்றி அவருக்கு அக்கறையில்லை. தாம் சஞ்சரித்த தேசத்தை ஆண்ட குப்த மன்னன் பெயரைக்கூட அவர் எழுதினாரில்லை. அத்தகையவர், மதுராவுக்குத் தெற்கேயுள்ள மத்திய தேசத்து மக்களைப்பற்றிச் சில வரிகள் எழுதுகின்றார். அங்குள்ளோர் உயிர்க்கொலை செய்யார், மதுவருந்தார், பூண்டும் வெங்காயமும் உண்ணார் என்று புகழ்ந்துவிட்டு, உடனே ஒரு விலக்குக் கூறுகின்றார். சண்டாளர் இதற்குப் புறம்பானவர். அவர்கள் ஊரைவிட்டுத் தனியே வாழ்கின்றனர். நகர வாயிலிலோ கடைத்தெருவிலோ புகும்போது ஒரு மரக்கட்டையைத் தட்டி ஒலியெழுப்புகின்றனர். அவ்வொலியைக் கேட்டு மற்றையோர் அவர்கள்மேற் படாது விலகிச் செல்கின்றனர்.

குப்தர் காலத்தைப் பொற்காலமென வருணித்தவர் பலர் இப்பகுதியின் முற்பாதியை விரித்தெழுதினர். பிற்பாதியை ஒரு சொல்லில் முடித்தனர், அல்லது விட்டே விட்டனர். மரக்கட்டையின் ஒலியோ பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வேட்டிலிருந்து நம் காதில் விழுகின்றது. அதனை எழுதியவர் வழிப்போக்கர். எவருக்கும் வழக்காட வந்தவரல்லர். கண்டதைக் குறித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். அவர் சாட்சியத்திற்கு வலிமை அதனாலேயே மிகுதி.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தவர் யுவான் சுவாங். 645-இல் தம் நாட்டிற்கு மீண்டபோது 657 நூற்பிரதிகளை உடன் கொண்டுசென்றவர். கசாப்புத் தொழிலோர், மீன்பிடிப்போர், கூத்தர், கொலைத்தண்டனை நிறைவேற்றுவோர், தோட்டிகள் ஆகியோரின் வீடுகள் அடையாளமிடப்பெற்று நகரத்திற்கு வெளியே இருந்தன என்றும், அவர்கள் வழியில் இடப்பக்கம் ஒதுங்கியே நடக்க வேண்டியிருந்தது என்றும் இவர் எழுதுகின்றார்.

இவ்விரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அவசரக்காரர், நானூறாம் ஆண்டிலேயே இன்றுள்ள தீண்டாமை முழுவுருவில் இருந்தது என்று தீர்ப்புக் கூறிவிடுவார். 1948-இல் வெளிவந்த ‘தீண்டப்படாதோர்’ என்னும் ஆங்கில நூலில் டாக்டர் அம்பேத்கர் அவ்வாறு செய்யவில்லை. அந்நூலில் நாம் ஊன்றிக் கற்க வேண்டிய இடம் இதுவே. சண்டாளரைப்பற்றிய பாஹியானின் குறிப்பு தம் கருத்திற்குப் போதிய சான்றாகாது என்று அவர் ஒதுக்கினார். சடங்கு பற்றிய அசுத்தம் வேறு, பரம்பரையான தீண்டாமை வேறு என்று பிரித்தார். சண்டாளர் என்னும் ஒரு வகுப்பாரைப்பற்றிய செய்தி தீண்டப்படாதோர் அனைவரையும் பற்றியதாகிவிடாது என்று கண்டார். யுவான் சுவாங்கின் சாட்சியத்தையே உறுதியானதாகக் கொண்டார். இருநூறாம் ஆண்டளவில் தீண்டாமை இல்லை, அறுநூறாம் ஆண்டளவில் இருந்தது என்று இரு கரைகளை வகுத்து, குப்த மன்னர் பசுக்கொலையைக் குற்றமாக்கிய காலத்தோடு பொருத்தி, ஏறத்தாழ நானூறாம் ஆண்டு அதன் தோற்றக் காலமாகலாம் என்றார். தமக்கு வசதியாகக் கைக்கெட்டிய சான்றை வேண்டாமென்று தள்ளும் துணிவு எளிதிற் கைகூடுவதன்று.

தம் முடிபு ஊகத்தின்பாற்பட்டதென்பதையும், சான்றுகள் அறுந்த இடத்தில் அறிவைக்கொண்டு இணைத்திருப்பதையும் அவர் மறைக்கவில்லை, முன்னுரையிலேயே கூறியுள்ளார். பின்வந்த ஆராய்ச்சியாளருள் சிலர் தீண்டாமையின் தொடக்கத்தை இதற்கும் முற்பட்ட காலத்திற் காண்கின்றனர். இது கேட்டு நம் அன்பர்கள் சினங்கொள்ள வேண்டுவதில்லை. அவர் சான்றுகளை நிறுத்துப்பார்த்த தராசு நம் கையிலும் இருக்கின்றது. நிறுத்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

அதே நூலில், ஒருவரும் விரும்பி வாசிக்காத அரசாங்கக் காகிதம் ஒன்றையும் அவர் பயன்படுத்தியுள்ளார். 1911-ஆம் ஆண்டு ஜனக் கணக்கெடுப்புக்காக முந்திய ஆண்டில் கமிஷனர் அனுப்பிய சுற்றறிக்கை அது. பிராமணரின் மேன்மையை ஒப்பாதோர் யார், கோயிலுட் புக அனுமதியில்லாதோர் யார், மாட்டிறைச்சி உண்போர் யார் என்பன போன்ற பத்து வினாக்கள் அதில் இருந்தன. எண்ணிக்கைக்காக எழுதப்பட்ட வினாக்கள், ஒரு சமூகம் எவ்வாறு பிளவுண்டு கிடந்தது என்பதற்கு அதிகாரிகளின் கையெழுத்திலேயே சாட்சியாயின. புள்ளிவிவரப் புத்தகம் சுவையற்றது என்று தள்ளுவோர் இதனைக் கருதுவாராக.

இனி, யாத்திரிகர் எழுதியன யாவும் அவர் கண்டனவா என்பது ஒரு வினா. யுவான் சுவாங்கின் நூலில் சிங்களத்தைப்பற்றிய பகுதி உண்டு. ஆனால் அவர் அங்குச் சென்றதில்லை. காஞ்சிபுரத்தை அடைந்தபோது, அத்தீவிலிருந்து வந்திருந்த பிக்ஷுக்கள், அரசன் இறந்தான், பஞ்சமும் குழப்பமும் மிகுந்தன என்று கூறவே, பயணத்தைக் கைவிட்டார். இச்செய்தி அவர் சீடர் ஹுயி-லி எழுதிய சரித்திரத்தால் விளங்குகின்றது. ஒரே நூலில் காட்சியும் கேள்வியும் கலந்து கிடக்கும்; பிரித்தறிவது வாசிப்பவர் கடமை. பாஹியானோ சிங்களத்தில் இரண்டாண்டுகள் வாழ்ந்தவர். அங்கே ஒரு வணிகன் புத்த விக்கிரகத்தின் முன் காணிக்கையிட்ட சீனப் பட்டு விசிறியைக் கண்டு, தாய்நாட்டை நினைந்து கண்ணீர் விட்டதாக எழுதுகின்றார். அவ்வரியைக் கேள்வியறிவால் எவரும் எழுத முடியாது.

அசோக மன்னரின் கல்வெட்டுகளை வாசிப்பதற்கும் இந்நெறி பொருந்தும். ஜேம்ஸ் பிரின்ஸெப் 1837-இல் பிராமி எழுத்தை முற்றும் வாசித்தபோது, கற்களிற் கண்ட பெயர் ‘தேவானாம்பிய பியதசி’ என்பதே. அவர் அசோகரே என்று இலங்கையிலிருந்த டர்னர், பழைய பாலி வம்ச நூலாகிய தீபவம்சத்தைக்கொண்டு எடுத்துக்காட்டினார். ஏறக்குறைய எண்பதாண்டுகள் அறிஞருலகம் அந்த ஒப்பீட்டையே நம்பியிருந்தது. 1915-இல், இன்றைய கர்நாடகத்திலுள்ள மாஸ்கி என்னும் ஊரில், பொன் தேடிச் சென்ற பீடன் என்னும் சுரங்கப் பொறியியலாளர் ஒரு பாறையெழுத்தைக் கண்டார். அதில் அசோகர் என்னும் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. பொன் தேடியவர் கையில் அதனினும் அரியது அகப்பட்டது! குஜர்ரா, நிட்டூர், உதேகோளம் ஆகிய இடங்களிலும் அப்பெயர் பிற்காலத்தில் கிடைத்தது. எண்பதாண்டு ஊகம் ஒரு கல்லால் உறுதியாயிற்று. வேறொரு கல்லாயிருப்பின் பொய்யாகியும் போயிருக்கலாம்.

கலிங்கப் போரைப்பற்றிய பதின்மூன்றாம் சாசனத்தை நம்மவர் கூட்டங்களில் அடிக்கடி எடுத்துரைப்பர். 1,50,000 பேர் சிறைகொண்டுபோகப்பட்டதும், 1,00,000 பேர் கொல்லப்பட்டதும், அதனினும் பன்மடங்கினர் மாண்டதும், மன்னர் மனம் வருந்தியதும் அதிற் கூறப்படுகின்றன. வென்றவன் தன் வெற்றிக்காக வருந்திக் கல்லில் எழுதிய செய்தி உலக சரித்திரத்தில் அரிதினும் அரிது. ஆயினும் அதனை முழுதும் வாசித்தோர் சிலரே. அதே சாசனத்தில், காடுகளில் வாழும் மக்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கின்றது: மன்னர் வருந்துகின்றவராயினும் தண்டிக்கும் வல்லமையுடையவர் என்பதை அவர்கள் உணர வேண்டும் என்பது அதன் கருத்து. மற்றொன்றும் அறியத்தக்கது. கலிங்க நாட்டிலேயே உள்ள தௌலி, ஜௌகடா என்னும் இரண்டிடத்துப் பாறைகளிலும் இப்பதின்மூன்றாம் சாசனம் இல்லை. அங்கே அதனை விடுத்து வேறு இரண்டு சாசனங்கள் பொறிக்கப்பட்டன. குடிகளெல்லாம் தம் மக்கள் என்று மன்னர் கூறுவது அவற்றிலேதான். தோற்ற மக்களின் கண்முன் அவர்கள் பிணக்கணக்கை எழுத அரசன் கூசினானோ, அரசியல் நோக்கி அதனைத் தவிர்த்தானோ, கல் அதற்கு விடை கூறவில்லை. எழுதப்பட்டதை வாசிப்பதோடு எழுதாமல் விடப்பட்டதையும் கவனிக்கப் பழகவேண்டும். இதனால் அசோகரின் பெருமை குறைந்துவிடுமோ என்று சிலர் அஞ்சுவர். நமக்குத் தோன்றுவது வேறு: குறையொன்றுமில்லாத அசோகர் விக்கிரகமாகிவிடுவார்; வருந்தவும் மிரட்டவும் செய்த அசோகரே மனிதர்; அவரிடமிருந்துதான் மனிதர் கற்றுக்கொள்ள இயலும்.

நம் வாசக வட்டங்கள் வர்ஷாவாச மாதங்களில் இம்முறையில் ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப்பற்றி எழுதிய சிறு பகுதியை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றையோர் ஒரு தாளில் இவர் கண்டது எது, கேட்டது எது, கணக்கிட்டது எது என்று குறித்துக்கொள்க. நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளும் பதினாயிரம் பிக்ஷுக்களும் அங்கே இருந்தனர் என்கின்றார். பதினாயிரம் என்பது எண்ணிச் சொன்னதா, மிகப் பலர் என்னும் பொருளதா என்று விவாதிக்க இடமுண்டு. அதன்பின் மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலை எடுத்து, காஞ்சியைப்பற்றி அவர் திரட்டியவற்றோடு ஒப்பிடுக. ஏடு கூறியதை மண்ணிலும் கல்லிலும் தேடியவர்கள் உண்டு. கோபிநாத ராவ் என்னும் கல்வெட்டறிஞர், காஞ்சியில் பௌத்தச் சின்னம் ஏதேனும் எஞ்சியுள்ளதா என்று தேடிச் சென்று, காமாட்சியம்மன் கோயிலிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஐந்து புத்த விக்கிரகங்களைக் கண்டு, மாஸ்கிப் பாறை வெளிப்பட்ட அதே 1915-இல் அதனை எழுதி வெளியிட்டார். அக்கோயிலில் நின்றிருந்த பேருருவம் ஒன்று பின்னர்ச் சென்னை அரும்பொருட்காட்சிச் சாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சென்னைக்குச் செல்லும் அன்பர்கள் எழும்பூரில் அக்காட்சிச் சாலையைப் பார்ப்பதற்கு ஒரு பொழுதை ஒதுக்குவார்களாக. புறப்படுமுன் அந்நூலின் காஞ்சிப் பகுதியை ஒருமுறை வாசித்துச் செல்வது நலம்.