கழுத்து நீண்ட எச்செவேரியா

தில்லி துவாரகாவின் கூட்டுறவு அடுக்ககங்களில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் டீப்பாயில் ஒரு பீங்கான் கிண்ணம், அதில் எச்செவேரியா என்ற சக்குலென்ட், அதாவது சதைப்பற்றுச் செடி. "வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கியது, ஆறே மாதத்தில் ஒரு சாண் வளர்ந்துவிட்டது, பாருங்கள்!" என்ற பெருமையும் காபியோடு சேர்ந்தே வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் தண்டு வெளிறி, ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும். அடி இலைகள் குடை மடங்கினாற்போல் தொங்குகின்றன.

வளர்ச்சியா இது? வெளிச்சம் கிடைக்காத செடி, இருக்கிற சத்தையெல்லாம் தண்டை நீட்டுவதிலேயே தீர்க்கிறது. நன்றாக இருக்கும் எச்செவேரியா குட்டையாக, இதழ் இதழாக நெருங்கித்தான் இருக்கும்.

'வீட்டுக்குள் வளரும் செடி, டியூப்லைட்டே போதும்' என்று யார் கிளப்பிவிட்டார்களோ, நர்சரிக்காரர் முதல் வாட்ஸ்அப் குழு வரை அதே பாட்டு. எச்செவேரியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் பாறைச் சரிவுகள். அத்தனாசியோ எச்செவேரியா என்ற தாவர ஓவியரின் பெயர்தான் அதற்கு. வெட்டவெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். விளக்கெரியும் வரவேற்பறையில் 100 முதல் 300 லக்ஸ். நம் கண் இருட்டுக்குத் தக்கபடி பாவையை விரித்துச் சமாளித்துக்கொள்வதால் 'ரூம் நல்ல வெளிச்சமா இருக்கே' என்று தோன்றுகிறது. செடிக்கு அந்த வசதி கிடையாது.

'தெற்குப் பார்த்த பால்கனி, வருஷம் முழுக்க வெயில்' என்பதும் பாதிதான் சரி. தில்லியில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 38 பாகை உயரத்தில்தான் நிற்கிறது; வெயில் கூடம்வரை வரும். ஜூனில் கிட்டத்தட்ட 85 பாகை. தலைக்கு நேர் மேலே நிற்கும் சூரியனை மேல்வீட்டு ஸ்லாப் மறைத்துவிடும். அதனால் பருவத்துக்குப் பருவம் தொட்டி இடம் மாற வேண்டும். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனி, அதன்மேல் கொசுவலை, அதன்மேல் தில்லிப் புழுதி என்றால் கேட்கவே வேண்டாம்.

வெயில் பட்டால் கருகும் என்ற பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் நிழலில் இருந்ததை மே மாத வெயிலில் ஒரேயடியாக வைத்தால் கருகத்தான் செய்யும். காலை வெயிலில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழக்க வேண்டும். ஜன்னலே இல்லையா? வெள்ளை எல்.இ.டி. போதும், ஊதா விளக்கு தேவையில்லை. ஆனால் செடிக்கு மேல் ஓரடிக்குள், நாளுக்கு 12 மணி நேரம் எரிய வேண்டும். ஏற்கெனவே நீண்ட தண்டு மறுபடி சுருங்காது. தலையை வெட்டி, சில நாள் காயவிட்டு நட்டால் வேர் பிடிக்கும்.

'சக்குலென்ட் ராத்திரியில் ஆக்சிஜன் தரும்' என்பதும் கதை. இவை இரவில் கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கின்றன, ஆக்சிஜன் வருவது பகலில்தான். கணினிக் கதிர்வீச்சைக் கள்ளி உறிஞ்சும் என்பதற்குப் பதில் சொல்வதே வீண்.

இருண்ட மூலைதான் உண்டென்றால் எச்செவேரியா எதற்கு? நம்மூர் வேலியோரத்து மருள் இருக்கிறது. நிழலைத் தாங்கும், அதன் நாரில் அந்தக் காலத்தில் வில்நாண் முறுக்கினார்கள். அதன் ஆப்பிரிக்க உறவுக்காரச் செடியைக் கடையில் 'ஸ்நேக் பிளான்ட்' என்று விலை கொடுத்து வாங்குகிறோம். பஞ்ச்குலாவில் 1987-இல் அமைந்த தேசிய கள்ளித் தோட்டத்துக்கு ஒருநாள் போய் வந்தால், கள்ளிமுளையான் என்ற சதைப்பற்றுச் செடியின் இந்திய வகைகளின் அழகும் புரியும்.

அதுவரை, இந்த ஞாயிறு அந்தக் கிண்ணத்தை டீப்பாயிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் வையுங்கள். வைக்கும்முன் கண்ணாடியைத் துடையுங்கள், இரண்டு பக்கமும்.