சுகர் இருக்கு... நோன்பு வைக்கலாமா?

ரமலான் பிறை தெரியும் முன்பே முதலியார்பேட்டையில் சில வீடுகளில் வாக்குவாதம் தொடங்கிவிடும். "அத்தா, உங்களுக்கு சுகர் இருக்கு, நோன்பு வேண்டாம்" என்பார் மகள். "முப்பது வருஷமா ஒரு நோன்பு விட்டதில்லை, போம்மா!" என்பார் அவர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் காலையில் போடும் மாத்திரையை என்ன செய்வது என்று இருவருமே கேட்பதில்லை. ஆபத்து அங்கேதான்!

புதுச்சேரியில் நோன்பு நேரம் சுமார் 13, 14 மணி. கிளிபென்கிளமைடு, கிளைமிப்பிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வழக்கமான அளவை சஹரில் போட்டுவிட்டுப் பட்டினி இருந்தால், சாயங்காலம் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் 'நோன்புக் களைப்பு' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். 2001-ல் 13 நாடுகளில் நடத்திய 'எபிடயர்' ஆய்வில், இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படிக் கடுமையாகச் சர்க்கரை தாழ்வது ரமலானில் ஏழரை மடங்கு கூடியிருந்தது.

அதனால் ஒன்றரை மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் காலை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுவார், சஹர் அளவைக் குறைப்பார். நீங்களாக மாற்ற வேண்டாம். முதல் வகை நோயாளிகள், டயாலிசிஸ் செய்பவர்கள், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள், சமீபத்தில் தாழ்சர்க்கரையால் மயங்கி விழுந்தவர்கள் நோன்பைத் தவிர்ப்பதே நல்லது. நோயாளிக்குக் குர்ஆனே (2:184, 185) சலுகை தந்திருக்கிறதே!

விரலில் குத்தி ரத்தம் பார்த்தால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் கருத்து. 70-க்குக் கீழே, அல்லது 300-க்கு மேலே போனால் யோசிக்காமல் நோன்பைத் திறந்துவிடுங்கள். இறங்கியிருந்தால் உடனே குளுக்கோஸ் தண்ணீர். ஏறியிருந்தால் வெறும் தண்ணீர், அப்புறம் டாக்டர்.

சரி, சாப்பாடு? பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் போட்ட நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம் தாராளமாகக் குடிக்கலாம். கூடவே வடை, சமோசா, ரோஸ்மில்க் என்று வரிசை கட்டினால்தான் வம்பு! பேரீச்சம்பழம் ஒன்று போதும். சஹரைத் தவிர்க்கவே கூடாது. கடைசி நேரம் வரை தள்ளிச் சாப்பிடுங்கள். வெள்ளைச் சோற்றுக்குப் பதில் கேழ்வரகோ கோதுமையோ, கூட முட்டை, பருப்பு, காய்கறி. நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணீரை விட்டுவிட்டுக் குடியுங்கள்.

மாலையில் பீச் ரோட்டில் வாக்கிங் போகிறவர்கள் இந்த ஒரு மாதம் அதை நிறுத்தி வையுங்கள். தராவீஹ் தொழுகையில் குனிந்து நிமிர்வதே போதுமான உடற்பயிற்சி.