“இன்னும் எத்தனை மாதங்கள்?” – வாழ்நாள் எண்களைப் படிக்கும் முறை

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பரவும்போது பெரும்பாலும் கல்லீரலையும் நுரையீரலையுமே அடைகிறது. நூறு நோயாளிகளில் ஒரு சிலருக்கே அது மூளையை எட்டுகிறது. அவ்வாறு எட்டியது ஸ்கேனில் தெரிந்த அன்று குடும்பத்தினர் எம்மிடம் கேட்கும் முதற்கேள்வியே இக்கட்டுரையின் தலைப்பு. அதற்குள் கைப்பேசியில் தேடி ஓர் எண்ணையும் கண்டிருப்பார்கள். அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது என்பதை இங்கு விளக்குகிறோம்.

ஆய்வுகள் தருவது பொதுவாகச் சராசரி அன்று, இடைநிலை அளவு. அது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தனர், மறுபாதியினர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதே அதன் பொருள். எல்லோருக்கும் விதித்த கெடுவாக அதைக் கொள்ளலாகாது. மறுபாதியில் ஏழாம் மாதம் இறந்தவரும் இருக்கலாம், சில ஆண்டுகள் வாழ்ந்தவரும் இருக்கலாம். அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் இடைநிலை அளவு மாறுவதில்லை.

சொந்த ஊருக்குத் திரும்பி, பின்னர் சிகிச்சைக்கு வராதவர்களை எப்படிக் கணக்கிடுவது? இதற்கு 1958இல் கப்லான், மெயர் என்னும் இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஒரு வழி வகுத்தனர். கற்பனையாகப் பத்துப் பேரைக் கொள்வோம். மூன்றாம் மாதம் இருவர் இறக்கின்றனர். எஞ்சியோர் 80 விழுக்காடு. ஐந்தாம் மாதத்துக்குப் பின் இருவரைப் பற்றித் தகவல் இல்லை. ஏழாம் மாதம், கண்காணிப்பில் உள்ள அறுவரில் மூவர் இறக்கின்றனர். அந்த மாதத்தைக் கடந்தோர் பாதி. 80இல் பாதி 40 விழுக்காடு. தகவல் இல்லாத இருவரையும் இறந்தவராக எண்ணினால் 30, உயிரோடு இருப்பவராக எண்ணினால் 50 என்று வரும். இரண்டும் ஊகம். கப்லான்–மெயர் முறை அவர்களை அறிந்த நாள் வரை மட்டும் கணக்கில் கொள்கிறது. கட்டுரைகளில் படிக்கட்டுபோல் இறங்கும் கோடு இவ்வாறு வரையப்படுவதே.

மூளையில் அறுவை சிகிச்சை பெற்றவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தனர் என்னும் செய்தியை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். ஒற்றைக் கட்டியும் நல்ல உடல்நிலையும் உடையவர்களுக்கே பெரும்பாலும் அச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. மேலும், அந்த நாள் வரை உயிரோடு இருந்தவர்களே அப்பிரிவில் சேர முடியும். ஆகவே பலன் கத்தியால் வந்ததா, தேர்வால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். டேவிட் காக்ஸ் 1972இல் வெளியிட்ட முறை வயது, உடல்நிலை, மூளைக்கட்டிகளின் எண்ணிக்கை, பிற உறுப்புகளில் பரவல் ஆகியவற்றை ஒருங்கே கணக்கில் கொள்ள உதவுகிறது. ஆயினும், பதிவேட்டில் எழுதப்படாத எதையும் அதனால் சரிசெய்ய இயலாது. இந்நோய்நிலை அரிது என்பதால் பல ஆய்வுகள் சிறியவை. பல்லாண்டுப் பழைய பதிவேடுகளைத் திரட்டிச் செய்யப்பட்டவை. அவற்றில் உள்ளோர் பலர் இன்றைய மருந்துகளைப் பெற்றதில்லை.

நாள் எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது என்பதையும் பாருங்கள். குடலில் நோய் கண்ட நாளிலிருந்து எண்ணுவதும் மூளையில் கண்ட நாளிலிருந்து எண்ணுவதும் வெவ்வேறு. முன்னது பொதுவாகப் பெரிதாகவே தோன்றும்.

எனவே மாதக் கணக்கைக் கேட்கும்போது நாங்கள் ஒற்றை எண்ணைச் சொல்வதில்லை. உங்கள் நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, கட்டிகள் எத்தனை, கல்லீரலிலும் நுரையீரலிலும் நோய் கட்டுப்பட்டுள்ளதா என்று பார்த்து, ஒரு கால வரம்பையே கூறுகிறோம். நீங்கள் படித்த கட்டுரையை அடுத்த முறை வரும்போது உடன் கொண்டுவாருங்கள். அதிலுள்ளோர் உங்கள் நோயாளியை ஒத்தவர்களா என்று சேர்ந்து பார்ப்போம்.