எஞ்சினை உடைத்துக்கொண்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை மாலை கைக்கு வந்தது. பந்தயத்தின் ஒன்பதாவது சுற்றில், நீண்ட வளைவொன்றை விட்டு வெளிவருகையில் உன் வண்டியின் எஞ்சின் திடீரென்று போய்விட்டதையும், மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராட் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைகாட்டியதையும், எட்டு மாதச் சேமிப்பு அரை நிமிஷத்தில் வெண்புகையாகப் போனதையும் மனம் நொந்து எழுதியிருக்கிறாய். நாலு பக்கக் கடிதத்தில் ‘திடீரென்று’ என்ற சொல் ஐந்து இடங்களில் வருகிறது. உன் துக்கத்தில் எனக்குப் பங்கு உண்டு. அந்தச் சொல்லில் மட்டும் எனக்குச் சம்மதமில்லை.

நான் தொழில் பழகிய அம்பாஸடர் எஞ்சினையே எடுத்துக்கொள். 1489 சி.சி.; பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 88.9 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 5000 சுற்றில் அது ஓடும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நிமிஷத்தில் 10000 தடவை நின்று, திரும்பி, எதிர்த்திசையில் பாய்கிறது. மேல் உச்சியில் திரும்பும் அந்த க்ஷணத்தில் ராடின்மேல் விழும் இழுப்பு, பிஸ்டனின் சொந்த எடையைப்போல் 1200 மடங்குக்கும் அதிகம். வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்காகும். நாலாவது கியர் என்று நினைத்து இரண்டாவதில் தள்ளிவிட்டவர்களின் எஞ்சின் ஏன் அந்த இடத்திலேயே சிதறுகிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. இத்தனை பாரத்தையும் தாங்கி நிற்பது, கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லியதாகப் பரவியிருக்கும் எண்ணெய். பம்ப்பின் கடமை எண்ணெயைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. கிராங்க் தன் சுழற்சியாலேயே அதைத் தனக்கு அடியில் இழுத்துக்கொண்டு, அதன்மேல் மிதந்தபடி வேலை செய்கிறது. இரும்பை இரும்பு தொடாதிருக்கும் வரையில்தான் எஞ்சினுக்கு ஆயுள்.

இப்போது உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். பயிற்சி நாட்கள் இரண்டிலும், அதே வளைவில் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் எச்சரிக்கை விளக்கு ஒரு முறை கண் சிமிட்டிவிட்டு, நேர்ப்பாதைக்கு வந்ததும் அணைந்துவிட்டது என்பதைப் பத்தோடு பதினொன்றாக எழுதியிருக்கிறாய். வண்டி வேகமாக நெடுநேரம் வளையும்போது எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பிலுள்ள எண்ணெய் ஒரு பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது. நடுவிலுள்ள ஸ்ட்ரெய்னரின் வாய் எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைக் குடிக்கிறது. விளக்குச் சிமிட்டியது ஒரே விநாடிதான் என்கிறாய். 6000 சுற்றில் ஓடும் எஞ்சினில் அந்த ஒரு விநாடி என்பது, கிராங்க் வறண்டபடி நூறு தடவை சுற்றிய காலம். சம்ப்புக்குள் நாலு தடுப்புத் தகடுகளை வைத்து வெல்டு செய்ய உனக்கு அரை நாளும் கொஞ்சம் தகரமும் போதுமாயிருந்தன. இரண்டு நாள் முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியேறிய வாடகைக்காரரைச் சொல்லாமல் ஓடிப்போனவர் என்று பழிப்பது தர்மமா?

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் வயதில் ஓர் அம்பாஸடருக்கு ராட் பேரிங் மாற்றினேன். கிராங்க்கை கிரைண்டிங் கொடுத்து வாங்கி, புது பேரிங் போட்டு, போல்ட்டுகளை அளவாக முறுக்கி, ஒரு பிசகும் இல்லாமல் முடித்தேனென்ற பெருமிதத்தோடு சாவியைக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் புறப்பட்ட குடும்பம் சேலம் சாலையில் ஐம்பது மைல் தாண்டுவதற்குள் அதே ராட் மறுபடி தட்டத் தொடங்கிற்று. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்தபோது என் குருநாதர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கிராங்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்து, அதன் எண்ணெய்த் துவாரத்தில் ஊசிக் குழாயால் மண்ணெண்ணெயைப் பீச்சி, மறு துவாரத்தில் தம் வெள்ளை மேல்துண்டைப் பிடித்தார். துண்டில் விழுந்த ஈரத்தின் நடுவே, வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஜரிகைபோல் மின்னும் செம்பொடி இருந்தது. முதல் பேரிங் அரைந்த தூள் அத்தனையும் கிராங்க்கின் உள்வழிகளில் தங்கியிருந்து, நான் போட்ட புதிய பேரிங்கைத் தின்றிருக்கிறது. வெளியிலுள்ளதையெல்லாம் பளபளவென்று துடைத்த நான், உள்ளே ஒரு துளி விட்டுப் பார்க்கவில்லை. அந்தத் துண்டை அவர் சலவைக்குப் போடவேயில்லை. பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார். நான் அங்கே இருந்த பாக்கி மூன்று வருஷமும் அது என் கண்ணெதிரே தொங்கிற்று.

‘திடீர்’ என்பதற்கு இன்னொரு திருஷ்டாந்தம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்ததல்லவா? அப்போது நனைந்த கார்களில் பல, தண்ணீரால் சாகவில்லை. தண்ணீர் வடிந்ததும் சொந்தக்காரர் ஆவலோடு சாவியைத் திருப்பினாரே, அதனால் செத்தன. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்தப்போய், ராட் வளைந்துவிடுகிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், கொஞ்சமாக வளைந்த ராட் உடனே உடைவதில்லை. அடுத்த பங்குனியில் ஒரு கார் என்னிடம் வந்தது. பிளாக்கில் உள்ளங்கையளவு ஓட்டை. கனவான் ஒருவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று வெடித்துவிட்டது என்று சத்தியம் செய்தார். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தேன். மற்ற மூன்று சிலிண்டர்களிலும் கரிக்கோடு ஒரே மட்டத்தில் இருக்க, உடைந்த சிலிண்டரில் மட்டும் ஒரு நகக்கனம் தாழ்ந்திருந்தது. அந்தப் பிஸ்டன் மூன்று மாதமாக முழு உயரம் ஏறவில்லை. “டிசம்பரில் வண்டி எங்கே நின்றது?” என்று மட்டும் கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, வேளச்சேரி என்றார்.

உடைந்த எஞ்சின் ஒவ்வொன்றும் தன் கதையைத் தானே எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறது. நீலம் பாய்ந்த பேரிங் என்றால் எண்ணெயில்லாமல் வெந்தது; கோடு கோடாகக் கீறியிருந்தால் எண்ணெய் இருந்தது, அதில் அழுக்கும் இருந்தது. முறிந்த போல்ட்டின் முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகளைப்போல் வளையங்கள் தெரிந்தால், விரிசல் நெடுநாளாக ஊர்ந்து வந்திருக்கிறது. முகம் முழுவதும் சொரசொரப்பாகச் சாம்பல் பூத்திருந்தால் ஒரே அடியில் போனது. எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் காப்பிபோல் இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைத் தேடு. இவற்றில் எண்ணெயும் அழுக்கும் சொல்லும் சாட்சியெல்லாம் பெட்ரோல் ஊற்றிக் கழுவிய மறு நிமிஷம் அழிந்துவிடும். நம் பையன்கள் செய்கிற முதல் காரியமோ, அசிங்கமாயிருக்கிறதென்று கழுவி வைப்பதுதான்.

ஓட்டை விழுந்த பிஸ்டனைச் சாம்பல் தட்டாக்கி மேஜைமேல் வைத்துக்கொள்ளும் பந்தயக்காரர்களை நான் பரிகசிப்பதில்லை. என் மேஜையிலும் முறிந்த ராட் ஒன்று, உன் கடிதத்தின் மேலேயே, காற்றில் பறக்காமல் காவல் இருக்கிறது. ஆனால் வீர சாகசத்தின் அடையாளமாக அதைக் காட்டித் திரிவது என் சுபாவத்துக்கு ஒவ்வாதது.

மனம் ரொம்பச் சோர்ந்தால் 2006 அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில் நடந்ததை நினைத்துக்கொள். ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்துக்கு அதையும் சேர்த்து இரண்டே பந்தயங்கள் பாக்கியிருக்க, முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த மைக்கேல் ஷூமாக்கரின் ஃபெராரி எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. பட்டம் ஏறக்குறையக் கைநழுவிப்போயிற்று. அந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றி எறியவில்லை. நேரே கொட்டகைக்குப் போய், கலங்கி நின்ற மெக்கானிக்குகளைத் தேற்றினார். உன் வண்டிக்காக உன்னோடு இரவெல்லாம் கண்விழித்த அந்தச் சின்னப் பையனிடம் நீ என்ன பேசினாய் என்று கடிதத்தில் இல்லை. இனிமேலாவது பேசு.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையில்தான் இருப்பேன். சம்ப், ஸ்ட்ரெய்னர், எட்டுப் பேரிங் துண்டுகளில் அகப்பட்டவை, உடைந்த ராட், அதன் போல்ட்டுகள் எல்லாவற்றையும், எது எந்தச் சிலிண்டருடையது என்று சீட்டுக் கட்டி, ஒன்றையும் கழுவாமல் கொண்டுவா. பழைய எண்ணெயைக் கீழே கொட்டியிருக்கமாட்டாய் என்று நம்புகிறேன். அதையும் ஒரு டப்பாவில் பிடித்துக்கொண்டு வா. வெள்ளைத் துணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அண்ணன்