செயலி இயங்கும் விதம்

கைப்பேசியில் தொட்டுத் திறக்கப்படும் ஒவ்வொரு செயலியும் யாரோ ஒருவர் எழுதிய கட்டளைகளின் தொகுப்பே ஆகும். அக்கட்டளைகளை எழுதும் மொழி நிரல்மொழி எனப்படும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குக் கோட்லினும் ஜாவாவும், ஐபோன்களுக்கு ஸ்விஃப்ட்டும் பெரிதும் பயன்படுகின்றன. கோட்லின் என்பது ரஷ்யாவில் உள்ள ஒரு தீவின் பெயர்.

மொழியைக் காட்டிலும் முதலில் அறிய வேண்டியது, செயலி எவ்வாறு இயங்குகிறது என்பதே. சொல் விளையாட்டுச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'மூன்றெழுத்துச் சொல் ஒன்றைத் தருக' என்னும் வினா திரையில் தோன்றுகிறது. அதன்கீழ் விடை எழுத ஒரு கட்டமும் ஒரு பொத்தானும் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் இப்பகுதி இடைமுகம். பொத்தானைத் தொடுவது ஒரு நிகழ்வு. வாடிக்கையாளர் கேட்டதும் எழுந்து பொருளை எடுத்துத் தரும் கடைக்காரரைப் போலச் செயலி நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது. தொட்டவுடன் விடையைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை மாற்றி, திரையைப் புதுப்பிக்கிறது. அவ்வேளையில் அது நினைவில் வைத்திருக்கும் மதிப்பெண், வினா எண், பாதி எழுதிய விடை ஆகியவை சேர்ந்து அதன் நிலை எனப்படும்.

இந்நிலையைக் காப்பதே தொடக்க மாணவர்க்குப் பெருஞ்சோதனை. ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் குறுக்குவாட்டில் திருப்பினால், வழக்கமாக அத்திரை அழிக்கப்பட்டுப் புதிதாக உருவாக்கப்படுகிறது. நிலையைக் காக்கும் கட்டளை எழுதப்படாத செயலியில், பத்து வினாக்களுக்கு விடையளித்துப் பெற்ற மதிப்பெண் அந்நொடியே சுழியமாகிவிடும். விளையாடியவர் பிழை ஏதும் செய்யவில்லை. நிரலரின் மறதியே காரணம். வேறு செயலிக்குச் சென்றாலும் இடர் உண்டு. பின்னணியில் இருக்கும் செயலியை, நினைவகம் போதாதபோது இயங்குதளம் முற்றிலும் நிறுத்திவிடக்கூடும். ஆதலால், நெடுநாள் வேண்டிய தகவலைக் கைப்பேசியின் சேமிப்பகத்தில் எழுதிவைத்தல் வேண்டும்.

இருப்பிடம், தொடர்பு எண்கள் போன்றவற்றைப் பெறுவதற்குப் பயனரின் அனுமதி தேவை. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செயலி இயங்கும்போதே இவ்வனுமதியைக் கேட்க வேண்டும். சொல் விளையாட்டுக்கு இவை எவையும் வேண்டா.

இனி, விடை சரிபார்த்தலைக் காண்போம். மாணவி ஒருத்தி 'தமிழ்' என எழுதுகிறாள். மூன்றெழுத்துச் சொல்தான், ஆயினும் செயலி 'தவறு' என்கிறது! கணினிக்கு எழுத்துகள் யாவும் எண்களே. ஒருங்குறி முறையில் த 2980, ம 2990, இகரக்குறி 3007, ழ 2996, புள்ளி 3021. இவ்வாறு ஐந்து எண்கள் இருப்பதால், கோட்லினில் சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்றே விடை வரும். 'மி' ஓர் உயிர்மெய் என்பதையோ 'ழ்' ஒரு மெய் என்பதையோ அக்கணக்கு அறியாது. ஸ்விஃப்ட் இச்சொல்லை மூன்று என்றே எண்ணுகிறது. கோட்லினில் எழுதுவோர், எழுத்தின் எல்லையைக் கண்டறியும் கருவியை வேண்டுமென்றே பயன்படுத்த வேண்டும். தமிழ் எழுத்துமுறை அறியாத நிரலர் எத்துணைத் திறமையுடையவராயினும், இப்பிழை அவர் கண்ணில் படுவது அரிது. ஆங்கிலச் சொற்களைக் கொண்டு மட்டும் சோதித்தால் செயலி குறையின்றி இயங்குவதாகவே தோன்றும்.

பயிற்சி

1. நிகழ்வு, நிலை ஆகியவற்றுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. கைப்பேசியைத் திருப்பும்போது மதிப்பெண் மறைவது ஏன்?
3. 'பள்ளி' என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? அதன் நீளத்தைக் கோட்லின் எத்தனை எனக் கூறும்? பிரித்து எழுதிக் காட்டுக.