வைக்கோற்போரில் குட்டி போட்ட பூனை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவில், வாழைத் தோட்டம் உள்ள இடமெல்லாம் ஆளுக்கு அடங்காத பூனைகளும் உண்டு. உத்திர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள பழைய வீடுகளின் பரண், கொல்லையில் அடுக்கிய விறகு, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய வைக்கோற்போர் ஆகியவை இவை குட்டி போடும் இடங்கள். மழை படாத, நாய் எட்டாத, கதகதப்பான இடமாகத் தாய்ப்பூனை பார்த்துக்கொள்ளும். சினைக் காலம் சுமார் 9 வாரம். நமது தட்பவெப்பத்தில் ஆண்டில் எந்த மாதத்திலும் குட்டி போடக்கூடும். இரண்டு மூன்று ஈற்றும் உண்டு.

மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போனவர் கையில் சீறிப் பாய்ந்த பிறகுதான் பூனை இருப்பதே வீட்டாருக்குத் தெரியவரும். உடனே குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொள்ளிடக் கரையில் விட்டுவிட்டு வருவது சிலரது வழக்கம். கண் திறக்காத குட்டிக்குத் தாயின்றி ஒரு நாள் தாங்குவதே அரிது. பட்டினியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இதனால் ஆகும் பயனும் இல்லை. குட்டிகளை இழந்த தாய் சில வாரங்களுக்குள் மறுபடி பருவத்துக்கு வரும். அதே போரில் அடுத்த ஈற்று வந்து நிற்கும். தாயையும் சேர்த்து அகற்றினால், எலியும் மறைவிடமும் இருக்கும் வரை வேறொரு பூனை அங்கே குடியேறும்.

முதலில் செய்ய வேண்டியது தள்ளி நின்று பார்ப்பது. தாய் இரை தேடிச் சில மணி நேரம் வெளியே போயிருக்கலாம். குட்டிகள் மட்டும் கிடப்பதைக் கண்டு அனாதை என்று எடுத்துவிடக் கூடாது. போரைச் சுற்றி அடுப்புச் சாம்பலை மெல்லத் தூவி வைத்தால், தாய் வந்து போனதைக் காலடி காட்டிக் கொடுக்கும். குட்டிகள் வயிறு புடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து உறங்கினால் தாயின் கவனிப்பில் இருக்கின்றன. இடைவிடாமல் கத்தி, வயிறு ஒட்டி, தொட்டால் சில்லிட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வைக்கோல் எடுத்தே ஆக வேண்டும் என்றால், போரின் மறுபக்கத்திலிருந்து எடுக்கலாம். அதற்கும் வழியில்லையானால், பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நிழலான இடத்தில் ஒரு பழைய மரப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் விட்டு, உள்ளே கோணிச் சாக்கு விரிக்க வேண்டும். தாய் வெளியே போன சமயம் குட்டிகளை இரு கைகளாலும் எடுத்து அதில் விட்டு விலகிவிட வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்பது வீண் பயம். பெட்டி பிடிக்காவிட்டால் அதுவே வேறிடம் பார்த்துக் கொண்டு போகும். தென்கலை வைணவர் சொல்லும் மார்ச்சார நியாயம் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததே: குட்டி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாயே கவ்விச் செல்லும். தத்துவம் எப்படியாயினும் உவமை பிசகாதது. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி உடல் தளர்ந்து அசையாமல் தொங்கும். அந்த வேலையைத் தாய்க்கே விட்டுவிடுவது நல்லது. மனிதர் பிடரியைப் பிடித்துத் தூக்க வேண்டாம்.

தாய் உண்மையிலேயே இறந்துபோய்விட்டால், பால் கொடுக்கும் முன் சூடு கொடுக்க வேண்டும். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, உடல் கதகதப்பான பின்பே பால். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. பசும்பாலில் பூனைக்குட்டிக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் குறைவு. பால் சர்க்கரை அதிகம். கழிச்சல் கண்டு குட்டி இறக்கும். கால்நடை டாக்டரிடம் கேட்டு, குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு வாங்கித் தருவதே சரி. குழந்தையைப் போல மல்லாத்திப் புகட்டினால் நுரையீரலில் ஏறிவிடும். குப்புறப் படுத்த நிலையில் சிறிது சிறிதாக, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிப்பாகத்தைத் துடைத்து விட்டால்தான் சிறுநீர், மலம் கழியும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைப் போல் இரண்டு மூன்று பங்கு தீனி தேவை. அக்கிரகாரத்து வீடுகளில் தயிர்சாதம் வைப்பார்கள். பசிக்கு அது உதவும், ஆனால் மாமிசத்தில் மட்டும் கிடைக்கும் டாரின் என்ற சத்து இன்றிப் பூனை பிழைக்காது. கண்ணும் இருதயமும் கெடும். குறையை அது எலி பிடித்து ஈடுகட்டிக் கொள்கிறது. வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது என்பதும் முழு உண்மையல்ல.

இங்கேதான் பெரிய ஆபத்து. வயலில் எலிக்கு வைக்கும் ஜிங்க் பாஸ்பைடு விஷ இரையில் 49 பங்கு பொரி அல்லது கருவாட்டுத் தூளுக்கு ஒரு பங்கு மருந்து கலப்பார்கள். கருவாட்டு வாசனைக்கு எலிக்கு முன் பூனை வந்து நிற்கும். புரோமடியோலோன் தின்று மயங்கிய எலியைத் தின்ற பூனைக்கும் இரத்தக் கசிவு ஏற்படலாம். குட்டி உள்ள காலத்தில் வீட்டருகே விஷம் தவிர்த்துத் தஞ்சாவூர்க் கிட்டியை வயலில் வைப்பது மேல். செத்த எலிகளை அன்றே ஆழப் புதைக்க வேண்டும். கொட்டகையில் பினாயில் தெளிப்பதும், மாட்டு உண்ணிக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனை மேல் தடவுவதும் அதற்கு நஞ்சு.

ஆடு வளர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளம் பூனைகளின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுயிரி வெளிப்படலாம். அது தீவனத்தில் கலந்தால் சினை ஆடு, செம்மறிகளில் கருச்சிதைவு உண்டாகும். தவிடு, பிண்ணாக்கை மூடி வைக்க வேண்டும். மலம் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் தன்மை பெறும் என்பதால், தினமும் கையுறையோடு அள்ளிப் புதைத்தால் பெரும்பாலும் போதும். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனையைத் துரத்தத் தேவையில்லை.

தாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் வைக்கக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற காலம் போய்விட்டது. தோலில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் கையிலேயே போடப்படுகிறது. காயம் ஆழமானால் காயத்திலேயே செலுத்தும் மருந்தும் வேண்டும்.

குட்டிகள் 7 முதல் 14 நாளில் கண் திறக்கும். நாலாவது வாரம் தீனி தொடத் தொடங்கும். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கைக்குப் பழகினால் சாதுவாகும். தாண்டினால் தாயைப் போல் சீறும். எட்டு வாரமானதும் கேட்கும் வீட்டுக்குக் கொடுக்கலாம். மூன்றாம் மாதம் வெறித் தடுப்பூசி, நாலாம் மாதம் கருத்தடை அறுவை. பால் மறந்த உடனே தாயையும் கூண்டில் பிடித்துக் கருத்தடை செய்துவிட வேண்டும். பாலூட்டும்போதே அது மீண்டும் சினைப்படக்கூடும் என்பதால் தாமதம் கூடாது. கூண்டுக்குள் மத்திச் சாளைத் தலை ஒன்று வைத்து, மேலே கோணி போர்த்தி, முதல் நாள் இரவு பட்டினி போட்டுக் காலையில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். பிடிப்பதற்கு முன்பே டாக்டரிடம் நாள் கேட்டு வைத்துக் கொள்ள வேண்டும்.