சண்டைச் சேவலை வளர்ப்போம், பாதுகாப்போம்

ஊரை விட்டு வந்தபோது எம்மிற் பலர் கையோடு கொண்டுவர முடிந்தவை மிகச் சிலவே. சில குடும்பங்கள் ஒரு சோடிக் கோழியையாவது கூடையில் வைத்துத் தூக்கி வந்தன. அவற்றுள் ஒன்று தகப்பன் ஆசையோடு வளர்த்த சண்டைச் சேவலாக இருப்பதுண்டு. அதன் இனம் இப்போது அந்த ஒரு கூட்டுக்குள் மட்டுமே இருக்கலாம். அது அழிந்தால் மீண்டும் தேடிப் பெறுவது கடினம். ஆகவே அதை எவ்வாறு காப்பது என்று இப்பாடத்தில் பார்ப்போம்.

இதன் இயல்பு

நீண்ட கால், உயர்ந்த கழுத்து, சிறிய கொண்டை, உடம்போடு ஒட்டிய இறகு என்பன அசில் இனத்தின் அடையாளங்கள். இது மெதுவாகவே வளரும். பேடு குறைவாகவே முட்டையிடும். ஆனால் நன்றாக அடைகாத்து, குஞ்சுகளைத் துணிவோடு காக்கும். தமிழரிடையே இவ்விருப்பம் மிகப் பழையது. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள அரசலாபுரத்தில், சண்டையில் இறந்த கோழிக்கு நட்ட பண்டைய நடுகல் ஒன்று உண்டு.

எனினும் வளர்ப்பது வேறு, மோதவிடுவது வேறு. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பந்தயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சேவற்சண்டையைக் குற்றமாகவே கொண்டது. சண்டைக் களத்தில் பல ஊர்க் கோழிகள் கூடுவதால் நோயும் அங்கிருந்தே வீட்டுக்கு வருகிறது. கூலிப் பணம் பந்தயத்திற் போனால் அடுப்பு எரியாது. எனவே சேவலின் அழகுக்காகவும் இனத்துக்காகவும் மட்டும் அதை வளர்ப்போம்.

கூடு

1. இரண்டு சேவல்களை ஒரே கூட்டில் விடக்கூடாது. குஞ்சுகள் மூன்று, நான்கு மாதத்திலேயே மோதத் தொடங்கும். அப்போதே பிரித்துவிட வேண்டும்.

2. ஒரு சேவலுக்கு 3 அடி நீளமும் 3 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட கூடு போதும். நிலத்திலிருந்து 2 அடி உயர்த்திக் கட்டினால் வெள்ளமும் ஈரமும் தாக்கா. சேவல்கள் ஒன்றையொன்று காணாதபடி இடையில் கிடுகு கட்டுங்கள்.

3. பாரமான பறவையாகையால் இருக்கும் தடி தாழ்வாக இருக்கட்டும். உயரத்திலிருந்து குதித்தால் பாதம் காயப்பட்டு வீங்கும்.

4. மரநாயும் கீரியும் சிறு இடைவெளியாலும் நுழையும். இரவில் கதவை உறுதியாகக் கட்டுங்கள். களவுக்குப் பயமிருந்தால் கூட்டை வீட்டுச் சுவரோடு சேர்த்து வையுங்கள்.

5. பகலிற் கட்டி வைப்பதானால் நைலோன் கயிறு வேண்டாம். அகலமான துணிப்பட்டியைக் காலில் தளர்வாகக் கட்டி, நாளுக்கு நாள் கால் மாற்றுங்கள். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கட்டிய சேவல் நாயிடமிருந்து ஓட முடியாது. ஆகையால் தனியே விட்டுச் செல்லாதீர்கள்.

தீனி

நெல், குரக்கன், சோளம், குறுணல் ஆகியவற்றைக் கலந்து காலையும் மாலையும் கொடுங்கள். கறையானும் கீரையும் நல்லவை. பூஞ்சணம் பிடித்த தானியத்தையும் உப்புக் கூடிய மிச்சச் சாப்பாட்டையும் கொடுக்க வேண்டாம். உலர்ந்த மணலும் சாம்பலும் கலந்து ஒரு மூலையில் இட்டால், சேவல் அதிற் புரண்டு பேனைக் குறைத்துக்கொள்ளும்.

நோய்

எல்லாவற்றிலும் கொடியது இராணிக்கெற் நோய். பச்சை நிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுகல், கால் இழுத்தல் என்பன இதன் அறிகுறிகள். வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை; முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுப்பதே வழி. ஒரு குப்பி மருந்து பல கோழிகளுக்குப் போதும் என்பதால், அயல் வீடுகள் சேர்ந்து ஒரே நாளிற் கொடுப்பது சிக்கனம். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவர வேண்டும். கரைத்தபின் தாமதியாது கொடுத்து முடிக்க வேண்டும். நோயுற்ற கோழிக்குக் கொடுக்கக் கூடாது.

வெளியிலிருந்து வரும் கோழி எதுவாயினும் 21 நாள் தனியே வைத்துப் பாருங்கள். இறந்த கோழியை விற்காமலும் குளத்தில் எறியாமலும் ஆழப் புதைத்துச் சுண்ணாம்பு இடுங்கள்.

இனத்தைக் காக்கும் வழி

முழு இனத்தையும் ஒரே கூட்டில் வைத்திருப்பது ஆபத்து. அடைவைத்து 21 நாளிற் குஞ்சு பொரிக்கும். அவை வளர்ந்தபின் ஒரு சோடியை நம்பிக்கையான உறவினர் வீட்டில் வாரத்துக்கு விடுங்கள். உங்கள் கூட்டில் நோய் புகுந்தாலும், நீங்கள் மீண்டும் இடம்மாற நேர்ந்தாலும், அங்கே விதை இருக்கும். இந்தச் சேவலோடு ஊர்ப் பேட்டைச் சேர்த்தால் பாரம் கூடிய குஞ்சுகள் கிடைக்கும். அவற்றை விற்றுத் தீனிச் செலவையும் ஈடுசெய்யலாம்.

கலந்துரையாடுவோம்

1. எமது குடியிருப்பில் எத்தனை வீடுகளில் கோழி உண்டு? தடுப்பு மருந்துக்கு யார் யார் சேரலாம்?

2. ஊரிலிருந்து கொண்டுவந்த இனம் எவரிடம் எஞ்சியிருக்கிறது? அதில் ஒரு சோடியை எங்கே பிரித்து வைக்கலாம்?

3. விடியுமுன் கூவும் சேவலால் அயலவருக்கு இடைஞ்சல் வராதிருக்க என்ன செய்யலாம்?